சாப்பிடாதவர்களுக்கு ரெண்டு டிக்கெட்

அன்று காலையில் வந்தது பதினோராவது வீடியோ. அப்பாண்டைராஜ் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். முந்தின பத்திலும் பார்த்த அதே படகு, அதே சீரியல் லைட்டு, அதே பாலம், பின்னால் அதே டொய்ங் டொய்ங் பாட்டு. அதோடு மகள் வித்யாஸ்ரீயின் குரல் வேறு: "நைனா, இதுல மாடி நல்லா தெரியுது பாரு. மறக்காம அம்மாவுக்குக் காட்டு."

"காட்டறம்மா, காட்டறேன். எனக்கு வேற இன்னா வேல இருக்குது?" என்று ஃபோனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதைக் கல்லாவின் மேல் குப்புறக் கவிழ்த்தார். எதிரே நின்றிருந்த சிங்கவரத்துக்காரர் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று விழித்தார். தார்ப்பாய் வாங்க வந்த மனிதர், பாவம்.

செஞ்சி பஜாரில் முப்பத்திரண்டு வருடமாகச் சாக்குக்கடை வைத்திருப்பவர் அப்பாண்டைராஜ். கோணிப்பை, சணல் கயிறு, தார்ப்பாய், அறுவடை சமயத்தில் கூடை, முறம். கடலை போட்டவனும் நெல் போட்டவனும் அவரிடம் வராமல் மூட்டை கட்ட முடியாது. வாய் கொஞ்சம் காரம். அவரிடம் ஒரு சாக்கு வாங்க அரை மணி நேரம் திட்டு வாங்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவரிடமே வருவார்கள். ஓட்டைச் சாக்கை யார் தலையிலும் கட்டமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கோணிகள் எல்லாம் கல்கத்தாப் பக்கத்து மில்களிலிருந்து வருகிறவை. கட்டுக்குக் கட்டு அந்த ஊர் பெயர் அச்சடித்திருக்கும். முப்பத்திரண்டு வருடம் அந்தப் பெயரை ஏற்றி இறக்கியவருக்கு, அந்த ஊரை நேரில் போய்ப் பார்க்கும் ஆசை மட்டும் துளிக்கூட இருந்ததில்லை. ஆனால் மாப்பிள்ளை ஜெகதீஷுக்கு அங்கேதான் வேலை மாற்றல் வந்தது. இரண்டு வருடமாக மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடையை யார் பார்ப்பது என்று இவர் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் வித்யா வேறு வழியில் மடக்கினாள். முதலில் சம்மேத சிகர்ஜி யாத்திரை, பிறகு நாலு நாள் தன் வீடு. சிகர்ஜி என்பது சமணர்கள் ஆயுளில் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்று நினைக்கும் மலை. அதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? டிசம்பர் மாதத்துக்கு ரயில் டிக்கெட் போட்டாகிவிட்டது.

அந்த நாலு நாளில் ஒரு நாள்தான் இந்தப் படகு. ஆற்றில் டின்னர். சாயங்காலம் ஏழு மணிக்கு ஏறினால் ஒன்பதரைக்கு இறக்கிவிடுவார்களாம். தலைக்கு ஆயிரத்து நானூறு, வயிறு முட்டச் சாப்பாடு உட்பட.

அழகாகத்தானே இருக்கிறது, இதில் மனிதருக்கு என்ன எரிச்சல் என்று நீங்கள் கேட்கலாம். அப்பாண்டைராஜும் அவர் மனைவி ஜெயமும் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. செஞ்சி சுற்றுவட்டாரத்துச் சமணக் குடும்பங்களில் இது அதிசயம் ஒன்றும் இல்லை. இருட்டில் விளக்கைத் தேடி வருகிற பூச்சி புழு சோற்றில் விழுந்து சாகும், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று வெளிச்சத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். பெரியவர்கள் விடாமல் பிடித்திருப்பார்கள். இளசுகள் வெளியூர் போனதும் விட்டுவிடும், யாரும் கண்டுகொள்வதில்லை. வித்யாவே இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு நூடுல்ஸ் தின்கிறாள். ஆனால் பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் அது பழக்கம் இல்லை, எடுத்துக்கொண்ட விரதம். அப்படியிருக்க, அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் டின்னர் படகில் உட்கார வைப்பேன் என்று ஒரு மகள் ஒற்றைக் காலில் நின்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

மாப்பிள்ளையிடம் ஃபோனில் கேட்டுப் பார்த்தார்.

"மாப்ள, சாப்பாடு இல்லாம வெறும் டிக்கெட்டு இருக்குதான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் மாமா. அப்படி ஒண்ணு கிடையாதாம். சாப்பிட்டாலும் அதே ரேட்டு, சாப்பிடலன்னாலும் அதே ரேட்டாம்."

"கொழந்தைங்களுக்கு அர டிக்கெட்டு உண்டுதானே? அதுங்களாவது ரெண்டு வாய் துன்னும். நாங்க அதுவும் இல்ல. எங்களுக்குக் கால் டிக்கெட்டு போடச் சொல்லுங்க."

ஜெகதீஷ் சிரித்தான். இவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"சரி, சாப்பாட்ட அஞ்சரைக்குள்ள போட்டுக் குடுப்பாங்களா?"

"மாமா, படகையே ஏழு மணிக்குத்தான் எடுக்கறாங்க. அதுவுமில்லாம டிசம்பர்ல இங்க அஞ்சு மணிக்கே இருட்டிடும்."

"அஞ்சு மணிக்கா! இன்னா ஊருங்க அது? மனுசன் டீ குடிக்கிற நேரத்துல பொழுது போனா அப்புறம் எப்பதான் சாப்புடுறது?"

"வேணும்னா பார்சலா தருவாங்களான்னு கேக்கறேன் மாமா. காலைல சாப்ட்டுக்கலாம்."

"ராத்திரி ஆக்கினத மறுநாள் காலைல உங்க அத்த தொடுமா? ஏங்க நீங்க வேற!"

ஃபோனை வைத்துவிட்டு அன்று முழுக்க, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லித் தீர்த்தார். ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து, ஊரே சாப்பிடுவதை இவரும் இவர் மனைவியும் வேடிக்கை பார்க்க வேண்டுமாம். வேடிக்கை பார்ப்பதென்றால் செஞ்சியில் கல்யாண மண்டபமா இல்லை? காசில்லாமல் பார்க்கலாமே! கேட்டவர்கள் எல்லாரும் நியாயம்தான் என்றார்கள். எல்லாரும் நியாயம் என்று சொல்லச் சொல்ல அவருக்கு உள்ளுக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது.

ஏனென்றால் இது வெளியில் சொல்கிற காரணம். உள்ளே வேறொன்று இருந்தது.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், வித்யாவுக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் இறங்கவே இல்லை. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் நின்றிருந்தார்கள். டாக்டர் எதுவும் பிடிகொடுத்துப் பேசவில்லை. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜெயம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேருமா எடுத்துக்கலாங்க. புள்ள பொழச்சா, ஆயுசுக்கும் பொழுது போனப்புறம் தண்ணியத் தவிர ஒண்ணும் வேணாம்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். பிள்ளை பிழைத்தது. மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போய் முறைப்படி விரதமும் எடுத்துக்கொண்டார்கள்.

பதினாலு வருடம் அப்பாண்டைராஜ் அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுத் திரும்பும்போது ஜெயம் கட்டிக்கொடுக்கும் டிபன் கேரியரைக் கொண்டுவந்து, ஐந்தரை மணிக்குள் கடையிலேயே சாப்பிட்டுவிடுவார். அப்புறம் ஒரு தை மாதம், நாலு மணிக்கு வர வேண்டிய சாக்கு லாரி எட்டு மணிக்கு வந்தது. ஆள் பற்றாமல் இவரும் சேர்ந்து கட்டு இறக்கினார். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே மெஸ் வைத்திருக்கும் தங்கராசு ஓடிவந்து, ஆவி பறக்க நாலு இட்லியை நீட்டினான். "மூஞ்சே சரியில்ல மொதலாளி. மொதல்ல சாப்டுங்க." சாப்பிட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மறுநாள் அதே எட்டு மணிக்கு, சொல்லி வைத்தாற்போல் வயிறு கூப்பிட்டது. அதற்கு மறுநாளும் கூப்பிட்டது. அவ்வளவுதான், போயிற்று. பதினோரு வருடமாக எட்டு மணி இட்லி நடந்துகொண்டிருக்கிறது.

அதிலும் மனிதர் ஓர் ஒழுக்கம் வைத்திருந்தார். வெங்காயம் பூண்டு கிடையாது. சாம்பார் தொடமாட்டார். அவருக்கென்று தங்கராசுவின் மனைவி மாரியம்மாள், வெறும் தேங்காயும் பச்சைமிளகாயும் வைத்துத் தனிக் கிண்ணத்தில் சட்னி அரைத்து வைப்பாள். விரதம் முழுசாகப் போகவில்லை, பாதி இன்னும் கையில் இருக்கிறது என்று அந்தக் கிண்ணத்தைப் பார்த்துத் தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்வார். கடை மூடி வீட்டுக்குப் போனதும் நேரே கொல்லைப் பக்கம் போய் வாயைக் கொப்புளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஜெயத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அவர் துணிந்ததில்லை. மகள் உயிரோடு இருப்பதே அந்த விரதத்தால்தான் என்று நம்பிக்கொண்டிருப்பவள் அவள். கத்திக் கூப்பாடு போட்டால் தாங்கிக்கொள்ளலாம், அவரும் திருப்பிக் கத்துவார். அவள் கத்தமாட்டாள். அதுதான் தொல்லை.

மகள் வீட்டு நாலு நாளைக்கு ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். எட்டு மணிக்கு, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். படகில் எங்கே நடப்பது? நாலு பக்கமும் தண்ணீர். இரண்டரை மணி நேரம். சுற்றிலும் தட்டுத் தட்டாகச் சாப்பாடு, எதிர் நாற்காலியில் ஜெயம். எட்டு மணிக்குத் தன் முகம் போகிற போக்கைப் பார்த்தாலே அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் படகில் மட்டும் கால் வைக்கக்கூடாது.

ஆனால் இந்த ஜெயம் இருக்கிறாளே! முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அது வேண்டும் இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டவள் இல்லை. தொண்டூர்ப் பெண். புடவைக் கடைக்குப் போனாலும் முதலில் எடுத்துப் போட்டதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் இந்தப் படகு விஷயத்தில் மட்டும் மகளோடு சேர்ந்துகொண்டாள்.

"நான் போவணும்" என்றாள் ஒருநாள் மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே.

"எதுக்கு? அங்க போயி இன்னா பண்ணப் போற?"

"ஆத்துல தண்ணி ஓடுதாம் இல்ல. பாக்கணும்."

"ஆறு இங்க இல்லியா? சங்கராபரணி இருக்குது, போயி நாள் பூரா பாரு. எவன் வேணாங்கறான்?"

"அதுல தண்ணி எங்க இருக்குது? போன வாரம் பசங்க கிரிக்கெட்டு ஆடினு இருந்தானுங்க."

"மூணு மலமேல கோட்ட இருக்குது. எங்கெங்கேர்ந்தோ வந்து ஏறிட்டுப் போறான். கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து நீ ஒரு தடவ ஏறியிருப்பியா? அத பாக்காதவ படகப் பாக்கணுமாம்!"

"நீங்க கூட்டினு போயிருந்தா ஏறியிருப்பேன்" என்றாள் அமைதியாக. "மோர் ஊத்தட்டுமா?"

வாதத்தில் தோற்கும்போது அவர் வழக்கமாக எடுக்கும் விஷயம் ஒன்று உண்டு, ஜெயத்தின் பட்டினி. அட்டமி, சதுர்த்தசி வந்தால் அவள் நாள் முழுக்க வெந்நீர் மட்டும்தான். மாதத்துக்கு நாலு நாள். பிரஷர் இறங்கி இரண்டு தடவை சமையலறையில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். இந்த வயதில் இப்படிக் கிடக்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மொதல்ல ஒழுங்கா சாப்புடுற வழியப் பாரு, அப்புறம் படகு ஏறலாம். பொழுதோட சாப்புடுறது பத்தாதா? அது மேல இது வேற எதுக்கு? யாரக் கேட்டு ஆரம்பிச்ச நீ?"

அவள் மோரை ஊற்றினாள். இந்தக் கேள்விக்கு அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து, தாங்க முடியாமல் விஷயத்தைத் தங்கராசுவிடம் கொண்டுபோனார். இட்லி சாப்பிட்டுக்கொண்டேதான்.

"போயிட்டுத்தான் வாங்களேன் மொதலாளி" என்றான் தங்கராசு. "எட்டு மணியானா மாத்திர போடணும், வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு சொல்லி ரெண்டு பிஸ்கட்ட உள்ள தள்ளுங்க."

"எனக்கு மாத்திரையே கெடையாதேடா."

"இதுக்குன்னு ஒண்ணு வாங்கிக்கிங்க."

"வெரதத்த மறைக்க வியாதிய வாங்கச் சொல்ற. நல்ல யோசன!"

தங்கராசு கல்லில் இன்னொரு கரண்டி மாவை ஊற்றித் தேய்த்தான். பிறகு அவரைப் பார்க்காமலே, "அம்மாவுக்கு நெசமாவே தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா மொதலாளி?" என்று கேட்டான். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாரியம்மாளின் சத்தம் சட்டென்று நின்றது.

"தெரிஞ்சா சும்மா இருப்பாளா? நீ தோசயப் பாரு, கருகுது" என்றார் அப்பாண்டைராஜ். கருகியெல்லாம் போகவில்லை.

அந்த வாரம் அட்டமி வந்தது. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனார். பீரங்கிமேட்டில் இருக்கிறது வீடு. வெயில் மண்டையைப் பிளந்தது. வழியிலேயே மகள் ஃபோன்: "நைனா, மூணு மணிக்குள்ள சொல்லணுமாம், இல்லன்னா அந்தத் தேதி போயிடும். அம்மாகிட்ட பேசிட்டுச் சொல்லு. டென்சன் பண்ணாத."

டென்ஷன் பண்ணுவது யார், அவரா? வீட்டுக்குள் நுழையும்போதே மூக்குக்கு மேல் கோபம். ஜெயம் இலை போட்டு வைத்திருந்தாள். அவரைக்காய்க் கூட்டு, ரசம், அப்பளம். அவளுக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளரில் வெந்நீர். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பரிமாறினாள். அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் ஏறியது.

"இங்க பாரு. ஒரே பேச்சு. நீ சாப்புட மாட்ட, நான் சாப்புட மாட்டேன். டின்னர் படகுல நம்ம ரெண்டு பேருக்கும் இன்னா வேல? ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாய ஆத்துல போடுறதுக்குச் சமானம். வேணாம்னு சொல்லிடப் போறேன். முடிஞ்சிது."

"நான் சாப்புட மாட்டேன்" என்றாள் ஜெயம். "நீங்க சாப்புடுங்க."

"இன்னா?"

"படகுல நீங்க சாப்புடுங்க. அதுக்குத்தான் போவணும்ங்கறேன்."

"இன்னா பேசற நீ? வெரதத்த வச்சிக்கினு..."

"நாலு இட்லி" என்றாள் அவள். ரசம் வேண்டுமா என்று கேட்கிற அதே குரல். "தேங்கா சட்னி. வெங்காயம், பூண்டு போடாதது. சனிக்கெழமன்னா கூட ஒரு தோச."

அப்பாண்டைராஜ் பிசைந்த சோற்றை அப்படியே இலையில் விட்டார்.

"யாரு சொன்னது? தங்கராசா? அந்த நாய..."

"மாரியம்மா. ரேசன் கடயில. அது ஒண்ணும் கோள் சொல்லல, பெருமையாத்தான் சொல்லிச்சி. 'எங்க மெஸ்ஸுக்கு எவ்ளோ பேரு வராங்க, உங்க வூட்டுக்காரரு மாதிரி ஒழுக்கமான ஆளப் பாத்ததில்லக்கா. ராத்திரில கூட வெங்காயம் தொட மாட்டாரு. அவருக்குன்னு நான் தனியா அரைக்கிறேன்'னு சொல்லிச்சி."

எதைப் பாதி விரதம் என்று பதினோரு வருடமாகக் கட்டிக் காத்தாரோ, அந்தச் சட்னிக் கிண்ணமே காட்டிக்கொடுத்திருக்கிறது. வெங்காய சாம்பாரை நாலு பேர் மாதிரி ஊற்றித் தின்றிருந்தால் மாரியம்மாளுக்கு இவரை நினைவுகூட இருந்திருக்காது.

"எப்ப சொல்லிச்சி?"

"வித்யா பன்னெண்டாவது படிச்ச வருசம்."

அதாவது இட்லி ஆரம்பித்த அதே வருடம்.

"அப்பவே கேக்கறதுக்கு இன்னா? வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கத்தினார். தப்பும் செய்துவிட்டுக் கத்துகிறோமே என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் கத்தாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"கேட்டா இன்னா சொல்லுவீங்க? பசிச்சிதுன்னு சொல்லுவீங்க. பசிச்சவர இன்னா சொல்றது?"

அவர் கண் அந்த டம்ளர்மேல் போனது. வெந்நீர் பாதி இருந்தது. திடீரென்று ஒன்று உறைத்தது. இந்த அட்டமி, சதுர்த்தசிப் பட்டினியை அவள் தொடங்கியதும் வித்யா பன்னிரண்டாவது படித்தபோதுதான். பரீட்சைக்காக இருக்கிறாள், ரிசல்ட் வந்ததும் விட்டுவிடுவாள் என்று அப்போது நினைத்திருந்தார். ரிசல்ட் வந்தது, காலேஜ் முடிந்தது, கல்யாணம் ஆனது. அவள் விடவில்லை.

"ஜெயம். இந்தப் பட்டினி... எனக்காகவா?"

அப்பளத்தை நகர்த்தி வைத்தாள்.

"ஒருத்தர் வினைய இன்னொருத்தர் கழிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியுங்க. அது நம்ம சின்னப் புள்ளைங்களுக்குக்கூடத் தெரியும். ஆனா அன்னிக்கு ஆஸ்பத்திரில பேசிக்கினது ரெண்டு பேரு இல்ல? ஒருத்தர் விட்டுட்டா இன்னொருத்தர் கொஞ்சம் கூடப் பாத்துக்கணும்னு தோணிச்சி. புள்ள உசுராச்சே."

அப்பாண்டைராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாதத்துக்கு நாலு நாள், பதினோரு வருடம். ஒவ்வொரு தடவையும் 'யாரக் கேட்டு ஆரம்பிச்ச' என்று அவளைத் திட்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து எங்கேயாவது போய்விடலாமா என்றிருந்தது.

"பட்டினி எனக்குக் கஷ்டமில்ல, பழகிப் போச்சி" என்றாள் ஜெயம். "நீங்க கட மூடிட்டு வந்து கொல்லப் பக்கம் போயி வாயக் கொப்புளிக்கிறீங்க பாருங்க, சொந்த வூட்டுலியே திருடன் மாதிரி. அதத்தான் பாக்க முடியல. படகுன்னா எங்கியும் எழுந்து போவ முடியாது. என் எதிர்ல உக்காந்து ஒரு தடவ நிம்மதியா சாப்புடுங்க. அவ்ளோதான். தண்ணியும் பாக்கணும்னு ஆசதான், அது பொய்யில்ல."

ஃபோன் அடித்தது. மணி மூன்றடிக்கப் பத்து நிமிடம். அவர் கையெல்லாம் சோறு. ஜெயமே எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, கடைசியா என்ன முடிவு?" என்றான் ஜெகதீஷ்.

அப்பாண்டைராஜ் மனைவியைப் பார்த்தார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு ரெண்டு டிக்கெட்டு போடுங்க."

பின்னாலிருந்து வித்யா 'ஐ!' என்று கத்துவது கேட்டது.

"சாப்பாடு மாமா? அத்தைக்கு வேணாம்னு தெரியும். உங்களுக்கு ஏதாவது சொல்லட்டுமா?"

"ரெண்டு பேருக்கும் வேணாம்."

"மாமா, நான்தான் சொன்னேனே, சாப்பாடு இல்லாம டிக்கெட்டு..."

"தெரியுங்க மாப்ள! முழுக் காசும் கட்டுங்க. சாப்புடாதவங்களுக்கு ரெண்டு டிக்கெட்டு. எழுதிக்கிங்க." அவரே கட்டைவிரலால் ஃபோனை அணைத்தார். ஃபோன் முழுக்க ரசம்.

"நீங்க சாப்புடணும்னுதானே சொன்னேன்" என்றாள் ஜெயம்.

"நீ சொன்னா நான் கேக்கணுமா? முப்பத்தோரு வருசமா நான் சொல்றத நீ கேக்கறியா? வர்ற சதுர்த்தசிக்கு நீ சாப்புடுற. நான் வெந்நி குடிக்கிறேன்."

"உங்களால முடியாது."

"முடியாதுன்னு எனக்கே தெரியும்! இருக்கறேங்கறேன் இல்ல!"

"கத்தாதீங்க. சோறு ஆறிப் போச்சி, சாப்புடுங்க."

அன்று சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கேரியரைத் திறந்து கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். என்ன பிரயோசனம்? எட்டு மணிக்கு வயிறு தன் வேலையைக் காட்டிவிட்டது. தங்கராசு கல்லில் எண்ணெய் தெளிக்கிற சத்தமெல்லாம் இன்றைக்கென்று பெரிசாகக் கேட்டது. கயிறு வாங்க வந்த ஒருவரை, நீளம் சொல்லவில்லை என்று காரணமே இல்லாமல் திட்டினார். எட்டரைக்கு மூடுகிற கடைக்கு எட்டு பத்துக்கே ஷட்டரை இழுத்தார்.

"மொதலாளி, சட்னி அரச்சாச்சி" என்று எதிரிலிருந்து தங்கராசு குரல் கொடுத்தான்.

"மாரியம்மாகிட்ட சொல்லு. நாளையிலேர்ந்து எல்லாருக்கும் சேத்து ஒரே சட்னியா அரைக்கட்டும்."

"ஏன் மொதலாளி, காரம் ஜாஸ்தியா?"

வீடு வரை விறுவிறு என்று நடந்தார். கொல்லைப் பக்கம் போகும் சந்தில் திரும்பாமல், நேரே முன்வாசல் வழியாக உள்ளே போனார். ஜெயம் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, அவர் மத்தியானம் மறந்து வைத்துவிட்டுப் போன ஃபோனில் அந்தப் பதினோராவது வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை முன்வாசலில் பார்த்ததும் ஃபோனைக் கீழே வைத்தாள்.

"பசிக்குது ஜெயம்" என்றார். பதினோரு வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவர் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அவள் எழுந்து போய் இன்னொரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.